பூஜ்யத்துக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி

அக்டோபர் 6

குடையை மறந்துவிட்டுக் கிளம்பி, சொட்டச் சொட்ட நனைந்து அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். மின்விசிறியைக் கூட்டினால் பக்கத்து மேசை வரைபடக்காரரின் தாள்கள் பறக்கின்றன. குறைத்தால் என் சேலை காயவில்லை. கடைசியில் அவர் தாள்களின் மேல் டிபன் பாக்ஸைத் தூக்கி வைத்துவிட்டு, "காயுங்க மேடம், நல்லா காயுங்க" என்றார்.

கணக்குப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் அம்மா ஒருவர் என் திரையை எட்டிப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். எனக்குச் சொல்லவா வேண்டும்? நாற்காலி போட்டு உட்காரவைத்து ஆரம்பித்துவிட்டேன். பழைய கிடங்கை இடித்தபோது ஒரு பக்கச் சுவரை மட்டும் விட்டுவிட்டார்கள். ஏழு மீட்டர் உயரம். இரண்டு பக்கமும் சந்து, இரண்டு சந்திலும் வீடுகள். அது சாய்கிறதா என்று பார்க்க உச்சியில் ஒரு சாய்வுமானி பொருத்தியிருக்கிறோம். அது தினமும் காலையில் 0.4625 என்பதுபோலத் தசமத்தில் டிகிரி அனுப்பும். ஆனால் பாதுகாப்புக் குழுவின் விதிகள் எல்லாம் டிகிரி, நிமிடம், விநாடி என்று எழுதப்பட்டவை. நாற்பது நிமிடத்தைத் தாண்டினால், சுவர் சாயும் பக்கத்து வீடுகளைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. ஆகவே மாற்றித்தான் ஆக வேண்டும். திரையில் இருந்த அளவையே தசமமாகத் திருப்பிப் போட்டுக் காட்டினேன்: 0.4625-ஐ அறுபதால் பெருக்கினால் 27.75. அதில் இருபத்தேழு நிமிடம். மிச்சமிருக்கும் 0.75-ஐ மறுபடி அறுபதால் பெருக்கினால் 45 விநாடி. 0° 27′ 45″. இன்றைய அளவு அதுதான்.

"கூட்டல்னா கிழக்குச் சந்துப் பக்கம் சாயுது, கழித்தல்னா மேற்குச் சந்துப் பக்கம்" என்றும் சொன்னேன்.

"எல்லாத்தையும் நீங்களே போடுவீங்களா?"

"நான் எங்க போடறேன்? நான் எழுதி வெச்ச ஷீட் போட்டுக்கும்."

சொல்லும்போது தலை கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது. முன்பு ஒருவர் இதற்காக அரை நாள் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார். இப்போது ஒரு சொடுக்கு. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று தசமப் பத்தியை மறைத்தும் வைத்திருக்கிறேன். பொறியாளர் சார் கூட்டத்தில் என்னைப் பாராட்டியதை இன்னும் எத்தனை மாதம் சப்புக்கொட்டிக்கொண்டிருப்பேனோ.

அக்டோபர் 10

அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர்கள் இருப்பது கிழக்குச் சந்தில், சுவரிலிருந்து மூன்றாவது வாசல். அண்ணி தையல் மெஷினை மிதித்தபடியே, "வாங்க கால்குலேட்டர் மேடம், சுவரு என்ன சொல்லுது?" என்றாள். வாயில் ஊசி. அதோடு எப்படித்தான் பேசுகிறாளோ.

அண்ணன் மகள் குட்டி ஓடிவந்து மடியில் ஏறிக்கொண்டாள். மூன்று வயதுக்கு நல்ல கனம்.

அண்ணனைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைப் பார்த்தேன். இந்தப் பக்கம் அடியில் நீளமாக ஒரு வெடிப்பு, விரல் நுழையும். "பாத்தியாண்ணே, வெடிப்பு நம்ம பக்கம்தான். கணக்கும் அதைத்தான் சொல்லுது" என்றேன். அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். என் தங்கச்சிக்குத் தெரியாததா என்று நினைக்கும் ரகம் அவன்.

அக்டோபர் 14

0° 42′ 45″. நாற்பதைத் தாண்டிவிட்டது. கிழக்குச் சந்தில் சுவரை ஒட்டிய வீடுகளைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு. எனக்குத் தெரிந்த தெரு என்பதால் சார் என்னையும் அனுப்பினார்.

மற்ற வீட்டார்கள் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். அடம்பிடித்தது என் அண்ணி மட்டும்.

"நான் இந்தச் சந்துக்கு வந்த நாள்லேர்ந்து அந்தச் சுவரு அப்படியேதான் நிக்குது. துணி குடுக்கறவங்க எல்லாரும் இங்கதான் இருக்காங்க. பாதி தைச்சது மலை மாதிரி கெடக்கு. நான் எங்கயும் வரல."

"அண்ணி, ஆபத்துங்க."

"உங்க ஷீட்டுக்கு ஆபத்து. எனக்கு ஒண்ணும் தெரியல."

வாசலில் அக்கம்பக்கம் எல்லாம் கூடி நின்றது. யாரோ சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "மெஷின் மிதிக்கிறவங்களுக்கு இதெல்லாம் புரியாது அண்ணி. படிச்சவங்க சொன்னா கேட்டுக்கணும்" என்று சொல்லிவிட்டேன்.

மெஷின் நின்றது. அண்ணி ஊசியை வாயிலிருந்து எடுத்து ரவிக்கைத் துணியில் குத்தினாள். அதை மடித்தாள். அடுத்த துணியை எடுத்து மடித்தாள்.

அக்டோபர் 15

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் போகவைத்தேனே, அதைப் பார்க்க வேண்டாமா?

அக்டோபர் 18

அண்ணனுக்கு இடம் பார்த்துக் கொடுத்தேன். மேற்குச் சந்தில், டீக்கடைக்கு மேல் மாடி அறை. சுவரின் பாதுகாப்பான பக்கம். அண்ணியின் வாடிக்கைக்காரர்களும் சுற்றிக்கொண்டு வந்துவிடலாம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். கிழக்குச் சந்திலிருந்து இன்னொரு குடும்பத்தையும் இந்தச் சந்துக்கே அனுப்பிவைத்தேன்.

ஜன்னலைத் திறந்தால் சுவர்தான். எட்டிக் கை நீட்டினால் தொட்டுவிடலாம். வெளிச்சம் குறைவு. அண்ணி மெஷினை ஜன்னல் ஓரம் போட்டுக்கொண்டாள். என்னிடம் "டீ சொல்லவா?" என்று மட்டும் கேட்டாள். வேண்டாம் என்றேன். குடித்திருக்கலாம்.

அக்டோபர் 23

0° 58′ 48″. நான்கு நாளாக மழை விடவில்லை. நல்லவேளை, கிழக்குச் சந்து காலி.

அக்டோபர் 26

எப்படி எழுதுவது இதை.

காலையில் ஷீட்டைத் திறந்தேன். −1° 0′ 45″.

வரைபடக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன மேடம், சுவரு ராத்திரியோட ராத்திரியா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிச்சா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பொறியாளர் சார் வந்து பார்த்தார். ஒரே நாளில் கிழக்கே ஒரு டிகிரியிலிருந்து மேற்கே ஒரு டிகிரிக்கு எந்தச் சுவரும் போகாது. "மானிக்குள்ள தண்ணி போயிருக்கும். கெட்டுப்போச்சு. புதுசு வாங்கறதுக்கு எழுதுங்க" என்றார்.

எழுத உட்கார்ந்தேன். பழைய அளவுகளையும் சேர்த்து அனுப்பலாம் என்று மறைத்து வைத்த பத்தியைத் திறந்தேன்.

−0.4625. −0.7125. −0.98. −1.0125.

எல்லாமே கழித்தல். முதல் நாளிலிருந்தே கழித்தல்.

மானி கெடவில்லை. கெட்டது நான் எழுதிய ஷீட். எண்ணை உடைத்து, முழு எண்ணை டிகிரியாக எடுத்துக்கொண்டு, மிச்சத்தை நிமிடமாகவும் விநாடியாகவும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். குறி முழு எண்ணோடு மட்டும்தான் வரும். −0.7125-ல் முழு எண் பூஜ்யம். பூஜ்யத்துக்கு ஏது கழித்தல்? குறி உதிர்ந்துபோய் 0° 42′ 45″ என்று நின்றுவிட்டது. ஒரு டிகிரியைத் தாண்டிய பிறகுதான் குறி ஒட்டிக்கொள்ள ஒரு 1 கிடைத்தது.

எழுதிய அன்று சோதித்துப் பார்க்காமலா விட்டேன்? 12.5 போட்டுப் பார்த்தேன். −3.75 போட்டுப் பார்த்தேன். −3° 45′ 0″ என்று அழகாக வந்தது. கைதட்டாத குறை. பூஜ்யத்துக்கும் கழித்தல் ஒன்றுக்கும் நடுவில் ஒரு எண்ணைப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. சுவர் இத்தனை நாளும் நின்றது சரியாக அந்த இடத்தில்.

அந்த வெடிப்பு! ஒரு சுவர் மேற்கே சாய்ந்தால் அடியில் கிழக்குப் பக்கம்தானே வாய் பிளக்கும். இதைக்கூட யோசிக்காமல் விரலை விட்டு வேறு காட்டினேன்.

சுவர் மேற்குச் சந்தின் மேல் சாய்கிறது. டீக்கடையின் மேல். மாடி அறையின் மேல். அங்கே அவர்களைக் கொண்டுபோய் வைத்தது நான்.

எழுந்து சாரின் மேசை வரைக்கும் போனேன். சத்தியமாகச் சொல்லத்தான் போனேன். "என்னம்மா?" என்றார். பக்கத்தில் குழுத் தலைவர் உட்கார்ந்திருந்தார். அன்று சார் என்னைப் பாராட்டியபோது கூடவே கைதட்டிய அதே ஆள்.

"புது மானிக்கு எந்த மாடல்னு எழுதணும் சார்?" என்றேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். முதலில் நேரில் போய் உறுதி செய்துகொள்ளலாம் என்று எனக்கு நானே சொன்னேன். உறுதி செய்ய என்ன இருக்கிறது? எண்கள் கண்ணெதிரே. சாயங்காலம் பேருந்தில் வரும்போது அந்தச் சந்து முனை வந்தது. இறங்கவில்லை. மழை என்று காரணம். ஒரு ராத்திரியில் என்ன ஆகிவிடப் போகிறது? இத்தனை நாள் நிற்கவில்லையா?

சீ. நானா இப்படி எழுதுகிறேன்.

அக்டோபர் 27

காலையில் இரும்புக்கடை திறக்கும் வரை வாசலில் நின்று ஒரு தூக்குக்குண்டு வாங்கினேன். சுவரின் முனை தெருவில் முடிகிறது. அங்கே நின்று, நூலில் குண்டைத் தொங்கவிட்டுக் கண்ணுக்கு நேரே பிடித்தேன். நூலும் சுவர் விளிம்பும் அடியில் ஒட்டி நின்றன. மேலே போகப் போக விளிம்பு நூலை விட்டு விலகி மேற்கே போய்விட்டது. ஒரு நூல், ஒரு குண்டு. இத்தனை மாதத்தில் ஒரு நாள்கூட வந்து இதைச் செய்ததில்லை.

அங்கிருந்தே சாருக்குப் போன் செய்தேன். ஷீட் தப்பு, சுவர் மேற்கே சாய்கிறது, ஆட்களை அனுப்புங்கள் என்றேன். "என்னம்மா சொல்றே?" என்று கத்தினார். மறுபடி சொன்னேன்.

பிறகு மாடிப்படி ஏறினேன். அண்ணி கதவைத் திறந்தாள்.

"அண்ணி, உடனே கீழ எறங்கணும். தப்பு பண்ணிட்டேன். சுவரு இந்தப் பக்கம்தான் சாயுது. அந்தப் பக்கம் இல்ல. என் கணக்கு தப்பு அண்ணி, நான்தான்—" அழுகை வந்துவிட்டது.

அண்ணி ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அழறத அப்புறம் வெச்சுக்க. மெஷினோட அந்தத் தலையைப் பிடி" என்றாள். குட்டியைப் பாயோடு சுருட்டி அண்ணன் தோளில் போட்டாள். நாங்கள் மெஷினை இறக்குவதற்குள் சந்து முழுக்கச் சேதி போய்விட்டது. டீக்கடைக்காரர் பாய்லர் நெருப்பை அணைத்துவிட்டு, எதிர் வீட்டுப் பாட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். சுவர் ஓரத்து வீடுகள் எல்லாம் மதியத்துக்குள் காலி.

பெரிய தெருவில் பள்ளிக்கூட வராந்தாவில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அண்ணி சொன்னாள்: "ராத்திரி மொட்டை மாடியில ரெண்டு கல்லு விழுந்துச்சு. பூனை ஏதோ தள்ளிவிடுதுன்னு நெனச்சுத் தூங்கிட்டேன்." அப்புறம் என் கையைப் பிடித்தாள். "எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"இன்னிக்குக் காலைலதான் அண்ணி."

"நல்ல வேளை. தெரிஞ்ச உடனே ஓடி வந்தியே" என்று என் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அக்டோபர் 28

முட்டுக்கொடுக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். சுவர் நிற்கிறது.

நவம்பர் 2

பள்ளிக்கூட வராந்தாவில் குழுவின் கூட்டம். சுவரை மேலிருந்து கல் கல்லாக இறக்கப்போகிறார்கள் என்று அறிவித்தார்கள். பிறகு பொறியாளர் சார் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். கணக்கில் ஒரு சின்னப் பிழை இருந்ததாம்; அதைக் கண்டுபிடித்த உடனேயே, மழையென்றும் பாராமல் ஓடி வந்து எல்லோரையும் காப்பாற்றியது இந்தப் பெண்தானாம். பிழை யாருடையது என்பதை நாசூக்காக விழுங்கிவிட்டார். அலுவலகத்தின் மானம்.

எல்லோரும் கைதட்டினார்கள். டீக்கடைக்காரர் எழுந்து நின்றே தட்டினார். என் இடுப்பில் இருந்த குட்டியும், என்னவென்று தெரியாமலே, என் முகத்தைப் பார்த்துக் கைதட்டினாள். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற அண்ணி மற்றவர்களிடம், "எங்க நாத்தனார்" என்று சொல்வது காதில் விழுந்தது.

அது போதும். அதற்குமேல் முடியவில்லை.

"அந்த ஷீட்டை எழுதினது நான்தான்" என்றேன். "தப்பு என்னோடது. அது மட்டும் இல்ல. எனக்கு அன்னிக்குக் காலைல தெரியல. அதுக்கு முந்தின நாளே தெரியும். அலுவலகத்துல பேர் கெட்டுடும்னு வாயை மூடிட்டு இருந்தேன். அந்த ராத்திரி நீங்க எல்லாரும் அந்தச் சுவருக்குக் கீழதான் தூங்கினீங்க. எனக்குத் தெரிஞ்சுதான் தூங்கினீங்க."

டீக்கடைக்காரர் மெல்ல உட்கார்ந்தார். "அன்னிக்கு எங்க வீட்டுக்கு என் பொண்ணு பிள்ளையோட வந்திருந்தா" என்றார். என்னிடம் அல்ல, பக்கத்தில் இருந்தவரிடம்.

அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடுப்பிலிருந்து குட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். குழந்தை தோள் வழியாக என்னையே பார்த்துக்கொண்டு போனது.

நவம்பர் 5

விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தேன். சார், "தானா போய் ஏம்மா சொன்னே? அமுங்கிப் போயிருக்குமே" என்றார். கோபத்தைவிட வருத்தம்தான் தெரிந்தது. இனிமேல் எனக்கு மேசை வேலை இல்லை, சுற்றிப் பார்க்கும் வேலை. தினமும் நாலு இடம் போய் நேரில் அளந்து வர வேண்டும். தண்டனை என்று கொடுத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோன்றாததே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

ஷீட்டையும் திருத்தினேன். குறியை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, எண்ணை மட்டும் உடைத்து, கடைசியில் குறியை முன்னால் ஒட்ட வேண்டும். ஒரே வரி. ஒரு வரிக்குத்தான் இத்தனையும்.

நவம்பர் 11

அண்ணன் போன் செய்தான். சாப்பிட்டாயா என்று கேட்டான். பின்னால் மெஷின் ஓடும் சத்தம். அண்ணியிடம் கொடு என்றேன். மெஷின் நின்றது. பிறகு மறுபடி ஓட ஆரம்பித்தது. "வேலையா இருக்கா" என்றான் அண்ணன்.

நவம்பர் 19

சுவர் தரைமட்டம். இரண்டு சந்துக்கும் நடுவில் வெளிச்சமாக இருக்கிறது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை, பார்த்துவிட்டு வந்தேன்.

அண்ணன் பழைய வீட்டுக்குத் திரும்ப முடியாது. காலியாகக் கிடந்த வீட்டில் வீட்டுக்காரர் தன் மகளைக் குடிவைத்துவிட்டார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? தேவையே இல்லாமல் காலி செய்யச் சொன்னது யார்? இப்போது அண்ணனும் அண்ணியும் குட்டியும் அண்ணியின் தம்பி வீட்டில், ஒற்றை அறையில் இருக்கிறார்கள்.

டிசம்பர் 3

ஒன்றுமில்லை. அளந்தேன், வந்தேன்.

டிசம்பர் 12

அண்ணன் போன் செய்து, ஒரு வீடு பார்த்திருப்பதாகச் சொன்னான். "நீயும் வந்து பாக்கணுமாம்."

"யார் சொன்னது?"

"யார் சொல்லுவாங்க?" என்றான்.

போனேன். இரண்டாவது மாடி. அண்ணி எனக்கு முன்னாலேயே வந்திருந்தாள். நாற்பது நாள் ஆகிறது நேருக்கு நேர் பார்த்து. கொஞ்சம் இளைத்திருக்கிறாள். "வா" என்றாள். அவ்வளவுதான். பிறகு அண்ணனிடம் பேசுவதுபோல எனக்கும் வீட்டைக் காட்டினாள். மெஷின் இங்கே, வெட்டும் பலகை இங்கே. பால்கனியில் காலை வெயில் வரும், பட்டன் தைக்க உட்காரலாம். குட்டியும் பக்கத்தில் விளையாடும். பேசப் பேச அவள் குரலில் பழைய கலகலப்பு எட்டிப் பார்த்தது. அந்த வீடு அவளுக்கு அத்தனை பிடித்திருந்தது. வீட்டுக்கார அம்மாவிடம் வருகிறோம் என்று வாக்கும் கொடுத்துவிட்டாளாம்.

நான் பால்கனிக்குப் போனேன். கைப்பிடிச் சுவரைப் பார்த்ததும் ஒரு மாதிரி இருந்தது. பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து நூலைப் பிடித்தேன். வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது. மேலே ஒரு விரல் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவு. அரை டிகிரிக்கு மேலே வரும். நிமிடம் விநாடி எல்லாம் அப்புறம். மறுபடி ஒரு முறை பார்த்தேன். வெளிப்பக்கம்தான். தரையோடு சேரும் இடத்தில், உள்பக்கம், மயிரிழையாக ஒரு வெடிப்பு.

உள்ளே அண்ணி சிரித்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு. இப்போது சொல்ல வேண்டுமா? சாயங்காலம் அண்ணனிடம் போனில் சொன்னால் போதாதா? வீட்டுக்கார அம்மா வேறு வாசலிலேயே நிற்கிறாரே. கையில் நூல் ஆடிக்கொண்டிருந்தது.

உள்ளே போனேன்.

"அண்ணி, இந்த வீடு வேண்டாம். பால்கனிச் சுவரு வெளிய சாயுது. குட்டி சாஞ்சா தாங்காது."

அண்ணியின் முகம் விழுந்துவிட்டது. வீட்டுக்கார அம்மா, "யாரும்மா நீ? இத்தனை பேர் இருந்துட்டுப் போன வீடு இது" என்று சண்டைக்கு வந்தார். அண்ணன் நெளிந்தான். அண்ணி பால்கனிக்கு நடந்தாள். நானும் பின்னால் போய் நூலைப் பிடித்துக் காட்டினேன். குனிந்து வெடிப்பைப் பார்த்தாள். நூலை அவளே வாங்கிப் பிடித்தும் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"சரி" என்றாள். "வேற பாக்கலாம்."

இறங்கும்போது படி குறுகலாக இருந்தது. அண்ணி நின்று, தூங்கிப்போயிருந்த குட்டியை என்னிடம் நீட்டினாள். "பிடி, செருப்பை மாட்டிக்கறேன்" என்றாள். மாட்டிக்கொண்டாள். பிறகு குழந்தையைத் திரும்பக் கேட்காமல் முன்னால் இறங்கிப் போனாள்.